கண் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்: பால்வினை நோய் கண்ணுக்கு வரும்போது என்ன செய்வது

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் 17 வருடம் கண் வார்டு ஸ்டாஃப் நர்சாக இருந்தேன். ஓபியில் கண் சிவந்து வருகிறவர்களிடம் டாக்டர் பார்ப்பதற்கு முன் நான்தான் விசாரிப்பேன். எத்தனை நாளாக, ஒரு கண்ணா ரெண்டுமா, பீளை தள்ளுகிறதா, பார்வை மங்குகிறதா. நாலு கேள்விக்கும் தயங்காமல் பதில் வரும். ஐந்தாவதாக, “கீழே ஏதாவது தொந்தரவு உண்டா? ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், சீழ், புண், வெள்ளைப்படுதல்?” என்று கேட்டதும் முகம் மாறிவிடும். “கண்ணுக்குத்தானே வந்தேன் சிஸ்டர்” என்பார்கள்.

அந்த ஐந்தாவது கேள்விக்கு உண்மையான பதில் வராததால் பார்வையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டை, மேகநோய் என்று நம் ஊரில் சொல்கிற கொனோரியாவும் சிபிலிஸும், பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத கிளமிடியாவும் கண்ணுக்கு வரும். மூன்றுக்கும் மருந்து இருக்கிறது. மூன்றும் சொட்டு மருந்தால் மட்டும் தீராது. நோய் உடம்பில் இருக்க, கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டால் எப்படிப் போகும்? ஊசியோ மாத்திரையோ வேண்டும். எந்த ஊசி என்று டாக்டர் முடிவு செய்ய, உங்கள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வர வேண்டும்.

மெட்ராஸ் ஐ-தானா, வேறா?

கண் சிவந்தாலே மெட்ராஸ் ஐ என்று பெயர் வைத்து, மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்குவது நம் வழக்கம். பெரும்பாலும் அது மெட்ராஸ் ஐதான், அதில் சந்தேகமில்லை. வைரஸால் வருவது. கண்ணீர் வழியும், உறுத்தும், காலையில் இமை லேசாக ஒட்டியிருக்கும். வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் தணிய ஆரம்பிக்கும்.

அந்தக் கணக்கில் அடங்காத மூன்று விதம் உண்டு.

முதலாவது, ஒரே ராத்திரியில் பீளை குடம் குடமாகத் தள்ளுவது. துடைத்து முடிப்பதற்குள் மறுபடி நிறையும். மஞ்சளும் பச்சையும் கலந்து கெட்டியாக இருக்கும். இமை வீங்கிக் கண்ணே திறக்க வராது. இது வெட்டையாக இருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, மூன்று வாரம், ஒரு மாதம் என்று இழுப்பது. பெரும்பாலும் ஒரு கண்ணில்தான். பெரிய வலி இருக்காது. சிவப்பு போவதுபோல் போகும், சொட்டு மருந்தை நிறுத்தினால் திரும்பி வரும். காதுக்கு முன்னால் தொட்டால் சின்னதாக நெறி கட்டியிருக்கும். கிளமிடியா இப்படித்தான் வரும்.

மூன்றாவதில் பீளையே இருக்காது. சிவப்பும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பார்வை மங்கும், வெளிச்சம் பார்த்தால் கூசும், கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூலும் புள்ளியும் மிதக்கும், நடுவில் ஒரு இடம் மறைக்கும். சிபிலிஸ் இந்த வேஷத்தில் வரும். எந்த வேஷத்திலும் வரும் என்பதுதான் சரி.

வெட்டை கண்ணுக்கு ஏறினால்

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். இரவுப் பணி. லாரி கிளீனராக இருந்த 22 வயதுத் தம்பி ஒருவர், வலது கண்ணில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு வந்தார். கைக்குட்டை நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. டியூட்டி டாக்டர் இமையை விரித்ததும் உள்ளே தேங்கியிருந்த சீழ் தெறித்து அவர் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போடாதவராக இருந்தால் அவர் கண்ணுக்கும் போயிருக்கும். அதற்குப் பிறகு இப்படி ஒரு கண்ணைத் திறக்கும்போதெல்லாம் நான் கண் மறைப்பு இல்லாமல் நின்றதில்லை. வீட்டில் துடைத்துவிடுகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: முகத்தை நேரே கொண்டுபோகாதீர்கள், பக்கவாட்டில் நின்று துடையுங்கள், துடைத்த கையால் உங்கள் கண்ணைத் தொடாதீர்கள்.

அன்றிரவு அவருக்கு சலைன் விட்டுக் கண்ணைக் கழுவுவதுதான் என் வேலை. மணிக்கு ஒரு தரம். தலையைச் சாய்த்து, காதோரம் கிட்னி டிரே வைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி ஊற்ற வேண்டும். கழுவி முடித்ததும் கண் தெளிவாகத் தெரியும். அடுத்த மணிக்குப் போனால் இமை இடுக்கில் மறுபடி மஞ்சளாக நிற்கும். அதிகாலையில்தான் அது குறைய ஆரம்பித்தது. ஊசி வேலை செய்ய ஆரம்பித்த நேரம்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், மற்ற பல கிருமிகள் கருவிழியில் ஒரு கீறல் இருந்தால்தான் உள்ளே போகும். கொனோரியா கிருமிக்குக் கீறல் தேவையில்லை. முழுதாக இருக்கும் கருவிழியையே துளைத்துக்கொண்டு போகும். ஒன்றிரண்டு நாளில் கருவிழியில் ஓட்டை விழுந்துவிடலாம். ஆறினாலும் அந்த இடம் வெள்ளையாகத் தங்கிவிடும். ஊரில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று சொல்வது அதைத்தான்.

கண்ணுக்கு எப்படிப் போகிறது? பெரும்பாலும் கையால்தான். கீழே கசியும் சீழ் விரலில் பட்டு, அந்த விரல் கண்ணுக்குப் போகிறது. துணைவருக்கு நோய் இருந்து அவர் கையிலிருந்தும் வரலாம். அந்தத் தம்பிக்கு நாலு நாளாக ஒண்ணுக்குப் போகும் இடத்தில் எரிச்சலும் சீழும் இருந்திருக்கிறது. “சூட்டால வந்ததுன்னு நெனச்சேன், இளநி குடிச்சேன்” என்றார். சூடு பிடித்தால் நீர்க்கடுப்பு வரும், சீழ் வராது. ஆணுறுப்பிலிருந்து சீழ் வந்தால் அது சூடு இல்லை.

இந்த மாதிரி கண்ணோடு நீங்கள் இருந்தால், மருத்துவமனைக்குக் கிளம்பும் வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளியே ஒரே இழுப்பாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு தரம்தான், ஒரு கண்ணுக்குத்தான். கண்ணைக் கட்டாதீர்கள். கட்டினால் சீழ் உள்ளேயே தேங்கும், கருவிழி அதிலேயே ஊறும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றித் தூக்கிப் போடுங்கள். துண்டும் தலையணை உறையும் தனி. நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். கழுவினால் சரியாகிவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். கழுவுவது சீழை எடுக்கும், கிருமியைக் கொல்வது ஊசி.

மருத்துவமனையில் முதலில் பஞ்சுக் குச்சியால் சீழ் மாதிரி எடுப்பார்கள். முடிந்தால் அதற்கு முன் வேறு சொட்டு மருந்து விடாமல் வாருங்கள், கிருமி தெளிவாகத் தெரியும். பிறகு ஆரஞ்சு நிறச் சாயம் விட்டு நீல விளக்கில் கருவிழியைப் பார்ப்பார்கள். புண் இருந்தால் பச்சையாக ஒளிரும். மருந்து செஃப்ட்ரியாக்சோன் ஊசி. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 1 கிராம். கருவிழி கெட்டிருந்தால் வார்டில் சேர்த்து நரம்பு வழியாகத் தொடர்வார்கள். கிளமிடியாவும் கூடவே இருப்பது சகஜம் என்பதால் அதற்கும் மாத்திரை தருவார்கள். நான் பணியிலிருந்த காலத்தில் பால்வினை நோய்ப் பிரிவில் சாம்பல் நிறக் கிட் என்று ஒன்று கொடுப்பார்கள். அதில் மாத்திரைகள்தான் இருக்கும். அது கீழே இருக்கும் வெட்டைக்கு. கண்ணுக்கு வந்துவிட்டால் அதை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

எப்படிச் சொல்வது

இதைத்தான் பலர் கேட்கிறார்கள். ஓபியில் பின்னால் பத்து பேர் நிற்கிறார்கள், பக்கத்தில் அம்மா இருக்கிறார், ஊர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். அங்கே எப்படி வாயைத் திறப்பது?

எழுதிக் கொண்டுபோங்கள். ஓபி சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதலாம். “ஒரு வாரமாக ஒண்ணுக்குப் போகும்போது சீழ் வருகிறது. பத்து நாளுக்கு முன் ஆணுறை இல்லாமல் உறவு இருந்தது. யாரும் இல்லாமல் பேச வேண்டும்.” இவ்வளவு போதும். சீட்டை டாக்டர் முன்னால் திருப்பி வையுங்கள். பாதி டாக்டர்கள் கேட்கத் தயங்கியே விட்டுவிடுகிறார்கள், அதுவும் கல்யாணமாகாத பெண்ணாகவோ வயதானவராகவோ இருந்தால் கேட்கவே மாட்டார்கள். நீங்கள் சொன்னால் அவர்களுக்கும் வழி திறக்கிறது.

கூட வந்தவர் முன்னால் பேச முடியாவிட்டால், “உள்ளே தனியாகத்தான் பார்ப்பாங்களாம்” என்று சொல்லி வெளியே உட்காரவையுங்கள். நர்ஸிடம் கண்ணால் ஜாடை காட்டினாலே போதும், நாங்கள் புரிந்துகொள்வோம். ஒரு கல்லூரிப் பெண் தன் அம்மாவோடு வந்தபோது, “பார்வை அளக்கணும், நீங்க வெளியே இருங்கம்மா” என்று நானே அனுப்பியிருக்கிறேன்.

சொல்ல வேண்டியவை: கீழே சீழ், எரிச்சல், புண் இருக்கிறதா, அல்லது முன்பு வந்து தானாக ஆறியதா. உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்பு எப்போதாவது வந்ததா. துணைவருக்கு ஏதாவது உண்டா. ஆணோடு ஆண் உறவு உண்டென்றால் அதையும் சொல்லுங்கள், எங்கெங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்பது அதனால் மாறும். பெண்கள் கர்ப்பமா என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளமிடியாவுக்குத் தரும் டாக்சிசைக்ளின் அவர்களுக்கு ஆகாது. பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்பதையும்.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கு சுகவாழ்வு மையம் என்று தனியாக இருக்கிறது. எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். இரண்டும் இலவசம், இரண்டிலும் ஆலோசகர் தனி அறையில் பேசுவார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு ஆகாது. ஆனால் கண்ணில் தொந்தரவு இருக்கும்போது அங்கே மட்டும் போய்விட்டுத் திரும்பாதீர்கள். கண் பிரிவும் பார்க்க வேண்டும். ஒரு சீட்டை இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.

மாதக்கணக்கில் இழுக்கும் சிவப்பு

கிளமிடியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழ் இமையைத் திருப்பிப் பார்த்தால் ஜவ்வரிசி அளவில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக இருக்கும். பெண்களில் பெரும்பாலோருக்குக் கீழே எந்த அறிகுறியும் இருக்காது, அதனால் “எனக்கு அப்படி ஒன்றும் இல்லை” என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை, அல்லது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இரண்டாக 7 நாள். எது என்று டாக்டர் சொல்வார். கண் சிவப்பு முழுதாக வடிய மாத்திரை முடிந்தும் சில வாரம் ஆகலாம், பயப்பட வேண்டாம். கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மறுபடி வரும். மருந்து முடிந்து 7 நாள் வரை உறவு கூடாது.

மேகநோய்: சத்தமில்லாமல் பார்வையை எடுப்பது

46 வயது தையல்கார அக்கா ஒருவர். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வந்தார். வெள்ளெழுத்து என்று நினைத்துக் கண்ணாடி போட்டிருக்கிறார், சரியாகவில்லை. பிறகு தனியார் கிளினிக் ஒன்றில் கண்ணுக்குள் அழற்சி என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் தெளிந்ததுபோல் இருந்ததாம். நாலு மாதம் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது இடது கண்ணில் விரல்களைத்தான் எண்ண முடிந்தது. எங்கள் டாக்டர் எழுதிய முதல் பரிசோதனை விடிஆர்எல், சிபிலிஸைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. 1:128 என்று வந்தது. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் நோய் வேகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

“நான் எந்தத் தப்பும் பண்ணலையே சிஸ்டர்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது உண்மை. கணவர் வெளியூரில் கட்டட வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குக் கீழே வலியில்லாத புண் ஒன்று வந்து தானாக ஆறியிருக்கிறது. சிபிலிஸ் புண் அப்படித்தான், மருந்தே போடாவிட்டாலும் சில வாரத்தில் ஆறிவிடும். ஆறிவிட்டது என்று நினைப்போம், கிருமி ரத்தத்தில் இருக்கும். பால்வினை நோய் என்றாலே அந்த ஆளின் நடத்தையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்களிடம் எனக்கு அப்போதும் கோபம், இப்போதும் கோபம். அவர்கள் பேச்சுக்குப் பயந்துதான் இந்த அக்காக்கள் ரத்தப் பரிசோதனைக்கு வராமல் இருக்கிறார்கள்.

நோய் வந்த எந்தக் கட்டத்திலும் கண்ணுக்கு வரலாம். சில மாதத்திலும் வரும், பல வருடம் கழித்தும் வரும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2022-ல் மார்ச் முதல் ஜூலைக்குள் ஐந்து பெண்களுக்குக் கண்ணில் சிபிலிஸ் வந்தது. எல்லோரும் 40 முதல் 60 வயதுக்காரர்கள், யாருக்கும் எச்ஐவி இல்லை. விசாரித்தபோது ஐவருக்கும் துணையாக இருந்தவர் ஒரே ஆண். அவருக்குக் கண்ணில் ஒன்றுமே இல்லை. நோயைக் கொடுத்தவருக்குக் கண் நன்றாக இருந்தது, வாங்கியவர்களுக்குத்தான் கண்ணில் வந்தது. அதனால் “அவருக்கு ஒன்றும் இல்லையே, எனக்கு எப்படி?” என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காரணம் சொல்லாமல் கண்ணுக்குள் அழற்சி என்று யாராவது மருந்து கொடுத்தால், “விடிஆர்எல் எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். கூடவே சிபிலிஸுக்கான இன்னொரு பரிசோதனையான டிபிஎச்ஏ, பிறகு எச்ஐவி. மூன்றுக்கும் ரத்தம்தான், மலிவான பரிசோதனைகள். விடிஆர்எல் மட்டும் எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் அதோடு விடக் கூடாது. பழைய நோயில் விடிஆர்எல் தணிந்திருக்கும், டிபிஎச்ஏ காட்டிக்கொடுக்கும். இன்னொரு விசித்திரம்: நோய் மிகக் கடுமையாக இருந்தாலும் விடிஆர்எல் ‘இல்லை’ என்று வரலாம், ரத்தத்தை நீர்க்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும். சந்தேகம் பலமாக இருந்தால் டாக்டர் ஆய்வகத்தில் அப்படிச் செய்யச் சொல்வார்.

வீட்டிலிருக்கும் சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கிருமிக்கு மருந்து கொடுக்காமல் அதை மட்டும் விட்டால் வலியும் சிவப்பும் தணியும், நோய் அடியில் வளரும். அதற்காக நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள், பாட்டிலோடு டாக்டரைப் பாருங்கள். பெனிசிலின் ஏறும்போது கூடவே ஸ்டீராய்டு தேவைப்படுவதும் உண்டு. மெடிக்கலில் கேட்டு வாங்கி விடுவதுதான் ஆபத்து. ஹெர்பீஸ் வைரஸ் கண்ணில் இருந்தாலும் இதே சொட்டு மருந்து கருவிழியைக் கெடுத்துவிடும்.

சிகிச்சை நீளமானது, முன்பே தெரிந்துகொண்டு போனால் பாதியில் ஓடிவர மாட்டீர்கள். சாதாரண சிபிலிஸுக்கு இடுப்பில் போடும் பெனிடியூர் ஊசி கண்ணுக்குப் போதாது, அந்த மருந்து வேண்டிய அளவு கண்ணுக்குள் போய்ச் சேராது. கண்ணுக்கு வந்தால் மூளை நரம்புக்கு வந்ததாகவே கணக்கு. வார்டில் சேர்ந்து நரம்பு வழியாக பெனிசிலின் ஏற்ற வேண்டும். நாலு மணிக்கு ஒருமுறை 30 முதல் 40 லட்சம் யூனிட், 10 முதல் 14 நாள். அந்த அக்காவுக்கு 40 லட்சம். எங்களிடம் இருந்தது 10 லட்சம் யூனிட் மருந்துக் குப்பி, ஆக ஒரு வேளைக்கு நாலு குப்பி, ஒரு நாளைக்கு 24. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, அப்புறம் ராத்திரி 2 மணி. அந்த 2 மணி டோஸைத் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இந்தச் சிகிச்சை நடந்தால், போனில் அலாரம் வைத்து நர்ஸைக் கூப்பிடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். மருந்து ஏறும்போது நரம்பில் சுருக்கென்று காந்தும். மெதுவாக விடச் சொல்லுங்கள். ஊசி குத்திய இடம் சிவந்து தடித்தால் கை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

முதல் நாள் காய்ச்சல், குளிர், உடம்பு வலி வரலாம், கண்கூடச் சற்று அதிகமாக மங்கலாம். கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. ஒரு நாளில் அடங்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சிலர் அந்த ராத்திரியே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். போகாதீர்கள், சொல்லுங்கள். தடிப்பும் மூச்சுத் திணறலும் வந்தால் அது வேறு, உடனே குரல் கொடுங்கள். தேவைப்பட்டால் முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பார்கள். நீர் எடுத்தால் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போகும் என்று வார்டில் பேசிக்கொள்வார்கள், அப்படி இல்லை. தலைவலி வரலாம், படுத்திருந்தால் போகும்.

பார்வை திரும்புகிறதா என்று வீட்டிலேயே கவனிக்க ஒரு வழி சொல்வேன். சுவரில் தினசரி காலண்டர் இருக்கும். ஆறடி தள்ளி ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நில்லுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, தேதி தெரிகிறதா, அதற்குக் கீழே கிழமை, ராகுகாலம் எதுவரை படிக்க வருகிறது என்று பாருங்கள். பிறகு அடுத்த கண். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும், மாதக்கணக்கில் தெரியாமலே போகும். அந்த அக்காவுக்கு அப்படித்தான் ஆனது.

பிறந்த குழந்தையின் கண்

தாய்க்கு வெட்டையோ கிளமிடியாவோ இருந்தால் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் படும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பிறவியிலேயே கண் தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்ட பலருக்கு இதுதான் காரணம். 1880 வாக்கில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்ததும் குழந்தையின் கண்ணைத் துடைத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட ஆரம்பித்தார். அவர் மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்தது, ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

நாள் கணக்கு முக்கியம். பிறந்து 2 முதல் 5 நாளுக்குள் இமை வீங்கிப் பீளை கொட்டினால் வெட்டையாக இருக்கலாம். 5 முதல் 14 நாளுக்குள் என்றால் கிளமிடியாவாக இருக்கலாம். கண்ணீர்க் குழாய் அடைப்பாலும் பீளை வரும், ஆனால் அதில் வெள்ளை விழி சிவக்காது, இமை வீங்காது. எதுவானாலும் பிறந்த முதல் மாதத்தில் கண் சிவந்து பீளை தள்ளினால் அன்றைக்கே காட்ட வேண்டும். பாட்டி தாய்ப்பாலைப் பீய்ச்சி விடச் சொல்வார், மை தீட்டச் சொல்வார். பாசத்தில் சொல்வதுதான். மூன்று நாள் தாய்ப்பால் விட்டுவிட்டு வந்த ஒரு குழந்தைக்கு ஒரு கண்ணில் கருவிழி வெளுத்துவிட்டிருந்தது. அந்தப் பாட்டி வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

வெட்டைக்கு எடைக்கேற்ற அளவில் ஒரு ஊசி. குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருந்தால் சொல்லுங்கள், வேறு ஊசி தருவார்கள். கிளமிடியாவுக்கு வாய்வழி எரித்ரோமைசின் 14 நாள், ஏனென்றால் அது கண்ணோடு நிற்காமல் நுரையீரலுக்கும் போகும். அந்த மருந்து தரும் நாட்களில் பால் குடித்ததும் பீய்ச்சி அடிப்பதுபோல் வாந்தி எடுத்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதே வாரத்தில் மருந்து வேண்டும்.

கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே எச்ஐவியோடு சிபிலிஸுக்கும் ரத்தம் எடுப்பார்கள். அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிபிலிஸ் இருந்து சிகிச்சை இல்லாமல் பிறந்த குழந்தைக்கு, பள்ளிக்கூட வயதில் கருவிழி வெளுத்துப் பார்வை குறையலாம், காது கேட்காமல் போகலாம். கர்ப்பத்தில் போடும் பெனிசிலின் இதைத் தடுக்கும்.

எச்ஐவி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நோய் எதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை 50-க்குக் கீழே போனால் சைட்டோமெகலோ என்ற வைரஸ் விழித்திரையை அரிக்கும். வலிக்காது. புள்ளிகள் மிதப்பதும், ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைப்பதும்தான் அடையாளம். எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் மாத்திரை வாங்கும் நாளிலேயே கண்ணையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்து முடிந்த பிறகு

டிபிஎச்ஏ ஒருமுறை காட்டினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் காட்டும். இன்னும் நோய் இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது இதனால் சிக்கல் வரலாம், சிகிச்சை முடிந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நோய் தணிகிறதா என்பதற்கு விடிஆர்எல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 3, 6, 12 மாதத்தில், முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். எண் இரண்டு படி, அதாவது 1:128-லிருந்து 1:32 என்பதுபோல் நாலில் ஒன்றாக இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். இறங்கிய எண் மறுபடி ஏறினால் நோய் திரும்பியிருக்கிறது, அல்லது புதிதாகத் தொற்றியிருக்கிறது.

தையல்கார அக்கா அளவு எடுத்து எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதையும் எழுதி வைத்திருந்தார். ஜாக்கெட் கை நீளம், கழுத்து ஆழத்துக்கெல்லாம் பின்னால்: 1:128. மூன்றாம் மாதம் 1:32. ஆறாம் மாதம் 1:16. வருடம் திரும்பியபோது 1:4. பக்கத்திலேயே கணவருடைய எண்களும் இருந்தன. இடது கண்ணில் காலண்டர் தேதி தெரிகிறது, ராகுகாலம் தெரியவில்லை. வலது கண்ணில் எல்லாம் தெரிகிறது. நூலை இப்போது அவரே கோக்கிறார்.